மூடுபனியில் விழுந்த கோல்

அத்தியாயம் 14

முப்பத்திரண்டு வயதில் மற்ற பந்தாட்டக்காரர்கள் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு ஓய்வைப் பற்றி யோசிப்பார்கள். நம் மிர்கோவோ அந்த வயதில்தான் இத்தாலியின் முதல் பிரிவுக்குள் காலெடுத்து வைத்தான். இருபத்தேழு வயது வரை அப்பா ஒரெஸ்தேயின் நிலவறையில் உப்பிட்ட பன்றித் தொடைகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆற்றங்கரை மைதானத்தில் உதைத்துக்கொண்டிருந்தவன். பிறகு நாலாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று படிப்படியாக ஏறி, போர்கோவாதோ அணியோடு சேர்ந்து உச்சிக்கே வந்துவிட்டான்.

வந்ததெல்லாம் சரி, கோல்தான் வரவில்லை. ஆகஸ்டில் தொடங்கிய பருவம், ஜனவரி பாதி கழிந்துவிட்டது; மிர்கோ பெயரில் ஒன்றுகூட இல்லை. மாதக் கடைசிக்குள் அவனை மூன்றாம் பிரிவுக்கே திருப்பி அனுப்பிவிடலாம் என்று அணி நிர்வாகி காதோடு காதாகப் பேச ஆரம்பித்துவிட்டார்.

இந்த நிலையில்தான் சனிக்கிழமை சாயங்காலம், ஆட்டத்துக்கு முன் அணியை அடைத்து வைக்கும் ஓட்டலிலிருந்து மிர்கோ தன் மனைவி இலேனியாவுக்குப் போன் செய்தான். வழக்கமாக ஆடும் டென்மார்க் இளைஞனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது, நாளை முதல் நிமிஷத்திலிருந்தே நான்தான் ஆடுகிறேன் என்றான். கூடவே இன்னொன்றும் சொன்னான். அதைக் கேட்டு இலேனியா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, ஞாயிறு காலை தன் காரை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டு, மாமனார் ஊருக்குப் பஸ் ஏறினாள்.

*

ஒரெஸ்தே அன்று காலை ரொம்ப சந்தோஷமாக இருந்தார். காரணம், பனி.

ஊரை ஒட்டி ஓடும் போ என்ற ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி கரை ஏறி, சாலையைத் தாண்டி, அவர் வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஊரே அதைத் திட்டும். ஒரெஸ்தே மட்டும் நிலவறையின் சன்னல்களை விரியத் திறந்து உள்ளே கூப்பிடுவார். உத்தரத்தில் வரிசையாகத் தொங்கும் தொடைகளுக்கு அந்த ஈரம்தான் உயிர். அது இல்லையென்றால் இறைச்சி வெளியே காய்ந்து உள்ளே கெட்டுவிடும்.

குதிரை எலும்பில் செய்த ஊசியை ஒரு தொடையில் குத்தி எடுத்து, வாசனையில் பதம் பார்க்க மூக்கருகே வைத்துக்கொண்டிருந்தபோது மாடிப்படியிலிருந்து மனைவி நோர்மாவின் குரல் வந்தது.

"ஒரெஸ்தே! சாறு ஆறுது. மனுஷங்க சாப்பிடுற நேரத்துல அங்க தொடைங்களோட என்ன குசலம்? உன் மருமக வந்திருக்கா, மேல வா!"

"மருமகளா? இன்னைக்கா?" ஒரெஸ்தே ஊசியைத் துடைத்துச் சட்டைப்பையில் செருகினார். ஆட்டம் இருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பெண் இந்தப் பக்கமே வர மாட்டாள்.

மேலே மேசையில் கோழிச்சாற்றில் மிதக்கும், இறைச்சி அடைத்த சின்ன மாவுப் பொட்டலங்களை நோர்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். இலேனியா மாமனாரின் இரு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். போர்கோவாதோவில் பெண்களுக்கு முடிவெட்டும் கடை வைத்திருப்பவள். நரையைத்தான் மறைப்பேன் என்று வருகிறவளைக்கூட முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டு போக வைக்கிற வாய் அவளுக்கு.

"மாமா, அத்தையை ஆட்டத்துக்குக் கூட்டிட்டுப் போக வந்தேன்."

"தாராளமா கூட்டிட்டுப் போ."

"பஸ்ல வந்தேன் மாமா. ஞாயித்துக்கிழமை திரும்பிப் போக பஸ் கிடையாதாமே!"

"வரும்போதே தெரியாதா?"

"தெரியலையே," என்றாள் இலேனியா, பச்சைக் குழந்தை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு.

ஒரெஸ்தே நோர்மாவைப் பார்த்தார். நோர்மா சாற்றைப் பார்த்தாள். இரண்டு பெண்களும் சேர்ந்து தன்னைப் பொட்டலம் கட்டிவிட்டார்கள் என்று அவருக்குப் புரிந்தது. இந்தப் பனியில் கரைச்சாலையில் கார் ஓட்ட அந்த வீட்டில் அவரை விட்டால் ஆள் இல்லை.

"வாசல்ல இறக்கிவிடுவேன். நான் கார்லயே இருப்பேன். உள்ள வா கிள்ள வான்னு யாராவது ஆரம்பிச்சீங்க, வண்டியைத் திருப்பிடுவேன்."

"யாரு கூப்பிட்டா உன்னை?" என்றாள் நோர்மா. "சாப்பிடு."

*

ஒரெஸ்தே மகனின் ஆட்டத்துக்கு ஏன் போவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

மிர்கோவுக்குப் பத்தொன்பது வயதானபோது ஒரு பெரிய நகரத்து அணி அவனைச் சோதித்துப் பார்க்கக் கூப்பிட்டது. ஒரெஸ்தே ரொட்டிக்குள் இறைச்சி வைத்துக் கட்டிக்கொண்டு கூடவே போய்க் கோட்டோரம் நின்றார். கால் மணி நேரத்தில் பையனின் முழங்கால் போயிற்று. அடுத்த வருஷம் அவன் ஆற்றங்கரை மைதானத்தில் மறுபடி ஆடியபோது, விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒளிந்து நின்று எட்டிப் பார்த்தார். பையன் அடித்த பெனால்டி கம்பத்தில் மோதித் திரும்பியது. ஊர் அணி அதோடு ஒரு பிரிவு கீழே இறங்கியது.

அன்று மாலையே ஃபவுஸ்தோவின் பாரில் அவருக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஆந்தை. உட்கார்ந்து பார்த்தே ஆட்டத்தைக் கெடுக்கிறவனுக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர்.

வைத்தவர்கள் சிரித்துக்கொண்டேதான் வைத்தார்கள். ஒரெஸ்தே சிரிக்கவில்லை. அன்றிலிருந்து மைதானத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. டிவியில் பந்து உருண்டால் எழுந்து நிலவறைக்குப் போய்விடுவார். மகன் பிரிவு பிரிவாக ஏறியதையெல்லாம் நோர்மா படியில் நின்று கத்திச் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். மகன் மேலே போவதும் தான் பார்க்காமல் இருப்பதும் ஒன்றோடொன்று சேர்ந்த விஷயம் என்று மனதுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். அவர் போட்ட முடிச்சுகள் லேசில் அவிழாது.

*

கரைச்சாலையில் காருக்கு முன்னால் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. நோர்மா பின் இருக்கையில் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா," என்றாள் இலேனியா. "நேத்து மிர்கோ போன்ல ஒண்ணு சொன்னான்."

"ஓட்டும்போது பேசாதே."

"இன்னைக்குக் கோல் போடலைன்னா அவனை அனுப்பிடுவாங்க மாமா. அவனுக்கே தெரியும். அதைப் பத்தி அவன் அழல. 'முப்பத்திரண்டு வயசுக்காரனை ரெண்டாவது தடவை யாரும் மேல கூப்பிட மாட்டாங்க இலேனியா, இந்தச் சட்டையில நான் ஆடுறதை அப்பா ஒரு தடவைகூடப் பார்க்காமலே போயிடுவார்'னான். அதைத்தான் சொல்லிச் சொல்லி அழுதான்."

ஒரெஸ்தே கண்ணாடியில் படிந்த ஈரத்தைத் துடைக்கிற சாக்கில் முகத்தையும் துடைத்துக்கொண்டார்.

"நான் வந்தா அவன் கால் உடையும்மா," என்றார் கடைசியில்.

"நீ வராமலேயும் இந்த வருஷம் அவன் ஒண்ணும் கழட்டலையே," என்றாள் நோர்மா பின்னாலிருந்து.

*

மைதானத்துக்கு வெளியே காரை நிறுத்தியதும் பெண்கள் இருவரும் இறங்கிப் போனார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு டிக்கெட்டை வைத்துவிட்டுத்தான் இலேனியா போனாள். ஒரெஸ்தே அதைப் பார்க்காதவர்போல ரேடியோவைத் திருகினார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் ஒரு ஆட்டத்தைக் காதால் கேட்கிறார். கேட்டால் கண் படாதே என்று ஒரு கணக்கு.

முதல் பாதி முழுக்க வர்ணனையாளன் மிர்கோவை வாய்க்கு வந்தபடி பேசினான். மெதுவாக நகர்கிறாராம். பந்தை வாங்கி இழந்துவிடுகிறாராம். 'இந்த வயதில் இந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பது கஷ்டம்தான்' என்றான் கடைசியில், இரக்கத்தோடு.

திட்டியதைக்கூட ஒரெஸ்தே பொறுத்துக்கொண்டார். அந்த இரக்கம்தான் அவரைச் சுட்டது.

"நீ வந்து ஓடுடா பார்ப்போம், மைக்கைப் பிடிச்ச பயலே!" என்று ரேடியோவை அணைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். நாளைக்கே அவனை அனுப்பிவிட்டால்? எங்கோ தெற்கே, ஒரு மண் மைதானத்தில் ஆட்டத்தை முடித்துக்கொண்டு வீடு வந்து சேருவான். 'அப்பா, நீ ஒரு தடவைகூட…' என்று வாய்விட்டுக் கேட்கவும் மாட்டான். அதுதான் அவன் குணம்.

ஒரெஸ்தே தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு டிக்கெட்டை எடுத்தார்.

*

இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. நோர்மாவுக்கும் இலேனியாவுக்கும் நடுவே இருக்கை காலியாகவே காத்திருந்தது. அவர் உட்கார்ந்ததும் இரண்டு பேரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நோர்மா மட்டும் அவர் கையை எடுத்துத் தன் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

தொப்பி யாரையும் ஏமாற்றவில்லை. முன் வரிசையிலிருந்து ஒரு பெரிய முகம் திரும்பியது. பார்க்கார ஃபவுஸ்தோ.

"ஐயோ மாதாவே! ஆந்தை வந்துடுச்சு!"

வரிசை முழுக்கச் சலசலத்தது. கெட்டதைக் கண்டால் இரும்பைத் தொட வேண்டும், இருக்கையோ பிளாஸ்டிக். ஆளுக்கொரு சாவிக்கொத்தை வெளியே எடுத்து இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஃபவுஸ்தோ," என்றாள் நோர்மா எழுந்து நின்று. "உன் காபியைக் குடிச்சு ஊர்ல எத்தனை பேருக்கு வயித்தால போச்சு. உன்னை யாராவது ஆந்தைன்னு சொன்னாங்களா? முன்னால திரும்பு!"

ஃபவுஸ்தோ திரும்பிக்கொண்டான். சாவியை மட்டும் விடவில்லை.

ஒரெஸ்தே அப்போதுதான் மகனைப் பார்த்தார். எவ்வளவு அகலமாகிவிட்டான்! பத்தொன்பது வயதில் குச்சிபோல ஓடியவன், இப்போது ஒரு முழு ஆண்பிள்ளையாகத் தடுப்பாட்டக்காரன் முதுகோடு முதுகு மோதி நிற்கிறான். விழுகிறான், எழுகிறான், சட்டையை இழுத்தவனிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பு நோர்மாவுடையது. சட்டைக் கையால் மூக்கைத் துடைக்கிறானே, அது தன்னுடையது. தூரத்தில் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனாலும் போதும் போதும் என்று இருந்தது. இதற்குள் ஒன்றும் உடையவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார். சொன்னது தப்போ என்று உடனே சட்டைப்பையில் இருந்த எலும்பு ஊசியைத் தடவினார். அதுவும் இரும்பில்லை.

அப்போது இடது மூலையிலிருந்து ஒரு கார்னர். ஒரெஸ்தே உட்கார்ந்திருந்த பக்கத்துக் கோல்தான். எல்லோரும் கம்பத்துக்கு முன்னால் முட்டி மோதிக்கொண்டிருக்க, மிர்கோ மட்டும் சத்தமில்லாமல் பின்னால் நழுவித் தூரக் கம்பத்தோரம் தனியாக வந்து நின்றான். யாரும் கவனிக்கவில்லை. ஒரெஸ்தே கவனித்தார். பந்து உயர்ந்தது. எல்லாத் தலைக்கும் மேலாக, நேராக மிர்கோவை நோக்கித்தான் இறங்கியது.

பெனால்டி கம்பத்தில் மோதிய அந்த ஓசை ஒரெஸ்தேயின் காதில் கேட்டது. வேண்டாம், என் கண் படக் கூடாது.

இறுக மூடிக்கொண்டார்.

அடுத்த கணம் மைதானமே இடிந்து விழுந்ததுபோல ஒரு கூச்சல். நோர்மா அவர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். இலேனியா அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு கேவினாள். ஃபவுஸ்தோ நாற்காலி மேல் ஏறி வந்து அவரை அணைத்து முத்தமிட்டான், பிறகு யாரை முத்தமிட்டோம் என்று நினைவு வந்து சாவியைத் தேடினான்.

ஒரெஸ்தே கண்ணைத் திறந்தபோது மிர்கோவின் மேல் ஆறேழு பேர் விழுந்து கிடந்தார்கள். அந்தக் குவியலிலிருந்து பிதுங்கி வெளியே வந்தவன், பார்வையாளர் பக்கம் ஓடிவந்து அண்ணாந்து தேடினான். கண்டுபிடித்தான். கையை நீட்டி அப்பாவைக் காட்டினான்.

ஒரெஸ்தே, இத்தனை வருஷ பாரமும் ஒரே மூச்சில் இறங்கிவிட்டது என்றுதான் நினைத்தார்.

பாவம், ஆற்றை மறந்துவிட்டார்.

*

பனி முதலில் எதிர்ப்பக்கத்துக் கோல் கம்பத்தை மூடியது. பிறகு மூலைக்கொடிகளை. விளக்குகளெல்லாம் எரிந்தும் பயனில்லை. வெளிச்சம் பனியிலேயே சிக்கிக்கொண்டது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது, பந்தைக் காணோம்.

நடுவர் மைதானத்தின் மத்தியில் வந்து நின்றார். இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். எந்தக் கோல் கம்பமும் தெரியவில்லை. ஆட்டக்காரர்களை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். மக்கள் கால்களை உதைத்துக் குளிரை விரட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நடுவர் மட்டும் திரும்பி வந்து, இரண்டு கைகளையும் குறுக்கே ஆட்டினார். ஆட்டம் இல்லை.

ஒரெஸ்தேக்குப் பழைய ஆட்டம் ஒன்று நினைவுக்கு வந்தது.

அவர் வாலிபனாக இருந்தபோது இதே மைதானத்தில் இதே மாதிரி ஒரு பனி. போர்கோவாதோ இரண்டு கோல் முன்னிலை. ஆட்டம் நின்றது. பனியில் நின்றுபோன ஆட்டத்துக்கு அப்போதெல்லாம் ஒரே சட்டம்: மறுபடி முதலிலிருந்து ஆட வேண்டும், விழுந்த கோல் விழாததற்குச் சமம். அடுத்த வாரம் புதிதாக ஆடித் தோற்றார்கள். அந்த இரண்டு கோலையும் அடித்தவன் சாகிற வரை அதைச் சொல்லிப் புலம்பினான்.

'நான் வந்தேன். மிர்கோவின் முதல் கோலைப் பனி தின்றுவிட்டது.'

அவர் எழுந்தார். ஒலிபெருக்கியில் ஏதோ அறிவிக்கத் தொடங்கினார்கள், நின்று கேட்கவில்லை. நோர்மா இலேனியாவோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கி, காரைத் தடவிக் கண்டுபிடித்து, அழைத்து வந்த இரண்டு பெண்களையும் அங்கேயே விட்டுவிட்டு, மனுஷர் வீட்டைப் பார்த்துப் போய்விட்டார்.

*

ஃபவுஸ்தோவின் காரில் வந்து இறங்கிய நோர்மாவின் குரல் வாசலிலேயே தொடங்கிவிட்டது.

"எங்க அந்த ஆளு? கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல என்னைச் சந்தையில மறந்துட்டு வந்திருக்கான், மாதா கோயில்ல மறந்துட்டு வந்திருக்கான். மூடுபனியில மறந்துட்டு வந்தது இதுதான் மொதத் தடவை!"

நிலவறைக்குள் இறங்கியதும் அவள் வாய் தானாக மூடிக்கொண்டது. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. ஜனவரியில், இப்படி ஒரு பனி வெளியே காத்து நிற்கும்போது, ஒரெஸ்தே சன்னலைச் சாத்தி அவள் பார்த்ததே இல்லை. தொடைகளுக்கு நடுவே ஒரு பெட்டி மேல் அவர் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பனியை இனிமே உள்ள விட மாட்டேன் நோர்மா. என் பையன் கோலைத் தின்னுடுச்சு."

"யாரு தின்னா?"

"ஆட்டம் நின்னுச்சுல்ல? மறுபடி மொதல்லேருந்துதானே ஆடணும்? கோல் போச்சுல்ல?"

நோர்மாவுக்குப் பின்னால் இலேனியாவோடு வந்து நின்ற ஃபவுஸ்தோ ஒரு கணம் விழித்தான். அப்புறம் உத்தரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். தொடைகளெல்லாம் ஆடின.

"அடப்பாவி! அந்தச் சட்டம் செத்துப் புதைச்சாச்சுடா! விட்ட நிமிஷத்துலேருந்து நாளைக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு மிச்ச ஆட்டம். கோல் கோல்தான். ஒண்ணுக்கு சைபர். மைக்ல அவ்வளவு கத்தினாங்களே! இத்தனை வருஷமா இங்க இந்தத் தொடைங்களுக்கு மட்டும்தான் வயசாகுதுன்னு நினைச்சியா? சட்டத்துக்கும் வயசாகும்."

"நிஜமாவா மருமகளே?" ஒரெஸ்தே இலேனியாவைத்தான் கேட்டார். ஃபவுஸ்தோவை அவர் எந்தக் காலத்திலும் நம்பியதில்லை.

"நிஜமா மாமா. கோல் அங்கேயேதான் இருக்கு."

ஒரெஸ்தே தொப்பியைக் கழற்றி முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"இன்னொரு விஷயம்," என்றான் ஃபவுஸ்தோ, குரலைத் தாழ்த்திக்கொண்டு. "நாளைக்கு எல்லாரும் இன்னைக்கு உக்காந்த அதே இடம். அதே கோட்டு. துவைக்கக் கூடாது. நோர்மா என்னை அந்தக் காபி விஷயம் சொல்லித் திட்டணும், நான் சாவியை எடுக்கணும். நீயும் வரணும். அதே தொப்பி. நீ வந்தப்புறம்தானே விழுந்துச்சு? வரலைன்னா வீட்டு வாசல்ல வந்து தூக்கிட்டுப் போவோம். என்ன செஞ்சியோ அதையே அப்படியே செய்யணும், புரியுதா?"

ஒரெஸ்தேயின் முகம் மாறியது. 'என்ன செஞ்சியோ அதையே.' அவர் என்ன செய்தார் என்பது அவருக்குத்தான் தெரியும்.

*

மிர்கோ வந்தபோது இருட்டிவிட்டிருந்தது. மறுபடி ஓட்டலுக்குப் போவதற்கு முன் வீட்டைப் பார்த்துவிட்டு வர ஒரு மணி நேரம் விட்டிருந்தார்கள். அணியின் மேல்சட்டையோடு, ஈரத் தலையோடு, நேராக நிலவறைக்குத்தான் இறங்கினான். குனிய வேண்டிய உத்தரத்தில் வழக்கம்போல் நெற்றியை இடித்துக்கொண்டான்.

"இருபது வருஷமா அதே இடத்துல இடிக்கிறான் பாரு," என்றார் ஒரெஸ்தே, வேறென்ன சொல்வதென்று தெரியாமல்.

மிர்கோ சிரித்துக்கொண்டே அப்பாவின் பக்கத்தில் இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"வந்துட்டியே," என்றான் மிர்கோ.

"உங்கம்மாவுக்கு வண்டியோட்ட ஆள் இல்லை."

"சரி சரி." மகன் முழங்கையால் அப்பாவை இடித்தான். "சொல்லு. எப்படி இருந்துச்சு என் கோல்?"

ஒரெஸ்தே தொண்டையைக் கனைத்தார்.

"என்ன கேள்வி? பிரமாதம். என்ன ஒரு தலையடி! கோல்கீப்பர் அசையவே இல்லை."

மிர்கோ அவரையே பார்த்தான்.

"அப்பா, அது தலையில படல. முழங்கால்ல பட்டுப் போச்சு. அந்தப் பழைய முழங்கால். பந்து வர்றது எனக்கே தெரியல, பட்டுச்சு, உள்ள போயிடுச்சு. ஊரே சிரிக்குது."

ஒரெஸ்தே எலும்பு ஊசியை எடுத்து, பார்த்து, மறுபடி பைக்குள் வைத்தார்.

"கண்ணை மூடிக்கிட்டேன்டா," என்றார். "பந்து உன்கிட்ட வந்துச்சு. பயந்துட்டேன். என் கண்ணு பட்டு மறுபடி உன் கால் உடைஞ்சா நான் என்ன பண்ணுவேன்? அதான் மூடிட்டேன். பாரு, மூடினதாலதான் விழுந்துச்சு. நாளைக்கும் வந்து மூடிக்கிறேன். ஃபவுஸ்தோவும் அதைத்தான் செய்யச் சொல்றான், எதைன்னு தெரியாமலே."

மிர்கோ சிரிக்கவில்லை. பெட்டியிலிருந்து எழுந்து போய் ஒரு தொடையின் கயிற்றைத் தடவினான். அது அவன் கட்டிய முடிச்சு அல்ல, அவன் போனபிறகு வந்தது.

"நீ பார்க்காத கோலை வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்றது?"

ஒரெஸ்தேக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது.

"நாளைக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு," என்றான் மிர்கோ. "கோல் விழட்டும், விழாம போகட்டும். தோத்தாலும் தோத்துட்டுப் போறேன். நீ கண்ணைத் திறந்துக்கிட்டு உக்காரு. எனக்கு அது போதும்."

"கால் உடைஞ்சா?"

"முப்பத்திரண்டு வயசுக் காலு. உன் கண்ணு படலைன்னாலும் அது ஒருநாள் உடையும்." இப்போது சிரித்தான். "கண்ணு மேல பழி போடாதே, பாவம்."

மிர்கோவின் பைக்குள் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தான். நிர்வாகியின் பெயர். அவன் முகத்தில் ஒரு சின்ன நிழல் ஓடியதை ஒரெஸ்தே கவனித்தார். மிர்கோ போனைக் கவிழ்த்துப் பெட்டி மேல் வைத்தான். அது நின்றது. உடனே மறுபடி அதிர்ந்தது.

"ஞாயித்துக்கிழமை ராத்திரியில அந்த ஆளுக்கு என்ன வேணுமாம்?"

"தெரியல. நல்லதோ கெட்டதோ, அந்த இருபது நிமிஷம் முடியட்டும்." மிர்கோ போய் சன்னல் கொக்கியில் கை வைத்தான். "இதை ஏன் சாத்தி வெச்சிருக்கே? எல்லாம் கெட்டுப் போகப் போகுது."

"தள்ளு," என்றார் ஒரெஸ்தே. "என் சன்னலை நான் திறந்துக்குவேன்."

ஒவ்வொன்றாகத் திறந்தார். பனி கோபித்துக்கொள்ளாமல் உள்ளே வந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, மகனை முன்னால் விட்டு, படியேறினார். மிர்கோ இந்தத் தடவை குனிந்தான்.

மேலே நோர்மா நாளைக்கான கோட்டுகளைத் துவைக்காமல் அப்படியே கொக்கியில் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரெஸ்தே சமையலறை இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துத் துழாவினார். கத்தரிக்கோல், நூல்கண்டு, மெழுகுவர்த்தி என்று எல்லாம் மேசை மேல் குவிந்தன.

"என்ன தேடுற?" என்றாள் நோர்மா.

"தூரப் பார்வைக்குன்னு டாக்டர் ஒரு கண்ணாடி கொடுத்தானே, அது எங்க வெச்சே?"

"வாங்கின நாள்லேருந்து நீ அதைப் போட்டதே இல்லையே! 'நிலவறையில எனக்கு எது தூரம்'னு கேட்டியே?"

"இப்ப வேணும்," என்றார் ஒரெஸ்தே. "தொடைச்சு வை."